பள்ளியின் பக்கத்தில்

சிதம்பரத்தில் 1929ல் பல்கலைக்கழகம் வந்தபின் அது விடுதி ஊராயிற்று. விடுதி எங்கே இருந்தாலும் மதத்துக்கு ஆள் சேர்ப்பவர் முதலாண்டு மாணவனிடம்தான் முதலில் வருகிறார். வீட்டை விட்டு வந்தவன், பேச ஆளில்லாதவன். எந்த மதம் என்பது இங்கே முக்கியமில்லை. தனிமையில் இருப்பவனிடம் சொல்லப்படும் காரணம், காரணம்தானா என்பதே பிரச்னை.

பக்கத்துக் கடலூருக்கு இது பழைய கேள்வி. திருப்பாதிரிப்புலியூர், பாடலிபுத்திரம் என்ற பெயரோடு சமணக் கல்விக்கு நிலையமாக இருந்தது. சர்வநந்தி கி.பி. 458ல் 'லோகவிபாகம்' எழுதிய இடம் இதுவே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. படிக்கவும் துறக்கவும் ஒரே கூரை. பள்ளி என்ற சொல்லே இரண்டையும் சுமந்தது.

பல்லவர் காலத்தில் அங்கே போனவர் மருணீக்கியார், பின்னாளைய அப்பர். தாயும் தந்தையும் போய்விட்டார்கள். தமக்கை திலகவதியாருக்குப் பேசி வைத்திருந்த கலிப்பகையார் போரில் இறந்துவிட்டார். சேக்கிழார் சொல்லும் வரிசை கவனிக்கத் தக்கது. மருணீக்கியார் தாமாகவே பள்ளியை அணுகுகிறார். பிறகு சமணர் அவரருகே வருகிறார்கள், வீட்டுநெறி இதுதான் என்கிறார்கள். பொய்யை மெய்போலக் காட்டினார்கள் என்பது சைவக் கவியின் பாரபட்சம், கழித்துவிடலாம். மிஞ்சுவது அந்த அருகே வருதல். ஆனால் அவர் போனதற்குச் சமணரைப் பழிக்காமல், சிவன் அருளாததால் போனார் என்கிறார் சேக்கிழார். சமயச் சண்டையில் இது அபூர்வமான நிதானம்.

தருமசேனராகி அங்கே தலைமையும் பெற்றவர் திரும்பியது வாதத்தில் தோற்று அல்ல, வயிற்றில் சூலை கண்டு. மந்திரமும் மயிற்பீலியும் பலிக்கவில்லை. தமக்கைக்கு ஆள் அனுப்பினார். அமணர் இடத்துக்கு வரமாட்டேன் என்றார் அவர். பாயையும் பீலியையும் விட்டு, இரவில், யாருமறியாமல் திருவதிகை போனார்.

ஆக இரண்டு முறையும் காயம்தான் வாசல். அவ்வழி நுழைந்த நம்பிக்கை அதனாலேயே பொய்யாகிவிடாது. வலியில்லாதவன் எண்ணமே செல்லும் என்றால் நம்மில் எவனும் எதையும் நம்பமுடியாது. காயம்பட்டவனாகப் பார்த்துத் தேடிப் போவதில் இருக்கிறது தவறு. உள்ளே வந்தவன் இரவில்தான் வெளியேறலாம் என்ற நிலையில் இருக்கிறது. திலகவதியார் தேடி வரவில்லை, காத்திருந்தார். (அவர் கேட்டது தம்பியை, சூலையைத் தேர்ந்தெடுத்தது இறைவன் என்கிறது புராணம். அது என்னை உறுத்தத்தான் செய்கிறது.)

போனவரைப் பள்ளி விடவில்லை. அரசனிடம் முறையீடு, நீற்றறை, நஞ்சு, யானை, கடைசியில் கல்லைக் கட்டிக் கடல். கரையேறியதும் அதே திருப்பாதிரிப்புலியூரில்தான். அப்புறம் அரசனும் மாறினான். பள்ளியை இடித்து, அந்தக் கல்லால் திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான்.

இந்தக் கதை பன்னிரண்டாம் நூற்றாண்டில் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேறியதாக மரபு. சீவக சிந்தாமணியில் மனம் தோய்ந்த சோழனைத் திருப்பவே அது எழுதப்பட்டது என்கிறது சேக்கிழார் புராணம்; அதுவும் ஆள்சேர்ப்புதான். இடித்த பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பையன்களுக்கு அதில் ஒரு பாட்டும் இல்லை.