அடுத்துக் கழற்றப்போகிறவர்

ஐம்பது வருஷத்துப் பழைய நட்டு ஒன்றில் ஸ்பானரை மாட்டி முதல் தரம் அழுத்தும்போதே, அதைக் கடைசியாக முடுக்கியவர் எப்படிப்பட்டவர் என்பது கைக்குத் தெரிந்துவிடுகிறது. ஆறு முனையும் கூர்மையாக இருந்து, கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுச் சுழன்று வந்தால், அவர் சரியான அளவு ஸ்பானரைத் தேடி எடுத்தவர்; மரையில் துளி கிரீஸ் தடவி முடுக்கியவர். முனைகள் மழுங்கி உருண்டு கிடந்தால், கைக்கு அகப்பட்டதை வைத்துத் திருகிவிட்டுப் போனவர். அவருடைய பெயரும் முகமும் நமக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் தனக்குப் பிறகு இந்த இடத்தில் கைவைக்க ஒருவர் வருவார் என்று அவர் நினைத்தாரா இல்லையா என்பதற்கு அந்த நட்டு சாட்சி சொல்லிவிடும்.

இங்கிலாந்தின் மத்தியப் பகுதியில், வீட்டை ஒட்டிய கராஜில், 1969-ஆம் வருஷத்து டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஒன்றைப் பிரித்துப்போட்டுச் சீர்செய்துகொண்டிருக்கிறேன். இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையை மடித்துவிட்டு ஓட்டுகிற சின்ன ஸ்போர்ட்ஸ் கார். இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைத்தது. கவென்ட்ரி நகரத்துக் கான்லி தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை 3 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். என்னுடையது மார்க் 3. 1296 சிசி எஞ்சின், இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர்கள். அரண்மனைக் கொட்டகையில் போர்வை போர்த்தி வைத்திருந்த வண்டி இல்லை இது. மாதச் சம்பளக்காரர்கள் வாங்கி, ஓட்டி, விற்று, மறுபடி இன்னொருவர் வாங்கி ஓட்டியது. அதனால் இதன்மேல் பட்ட கைகள் அதிகம். நான் படித்துக்கொண்டிருப்பது அந்தக் கைகளைத்தான்.

இதை ஒரு சாதாரண ஆள் வீட்டில் வைத்துப் பிரிக்க முடிகிறது என்பதே ஒரு தற்செயல். ஸ்பிட்ஃபயரின் அடிச்சட்டம், 1959-இல் வந்த டிரையம்ப் ஹெரால்டு காரின் சட்டத்தைக் குறுக்கிச் செய்தது. பாடியையும் சட்டத்தையும் ஒரே கூடாக வெல்டு செய்துவிடும் முறைக்கு மற்ற கம்பெனிகள் மாறிக்கொண்டிருந்த நேரம் அது. டிரையம்பைச் செய்த ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு அந்த வழி அடைபட்டுப் போனது. அவர்களுக்குப் பாடி அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது. முழுப் பாடி செய்துதர ஆள் இல்லை. வேறு வழியில்லாமல், பல இடங்களில் துண்டு துண்டாகச் செய்வித்து, தனிச் சட்டத்தின்மேல் போல்ட் போட்டுப் பூட்டுகிற மாதிரி ஹெரால்டை அமைத்தார்கள். பழைய பாணி என்று அன்றைக்கு அதைக் குறைசொன்னவர்கள் உண்டு. ஆனால் போல்ட் போட்டுப் பூட்டியதைக் கழற்றவும் முடியும் இல்லையா? முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்த முழு பானட்டையும் முன்னால் சாய்த்துவிட்டு, டயர்மேலேயே உட்கார்ந்து எஞ்சினில் வேலை பார்க்கலாம். பெட்டியில் பாகங்களாக அனுப்பி வேறு நாட்டில் பூட்டிக்கொள்ளவும் தோதாயிருந்தது. 1961-இலிருந்து சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது அப்படித்தான். பிற்பாடு அதற்கு நாலு கதவும் வைத்தார்கள்.

அந்த ஹெரால்டுகளில் கைபழகியவர் என் மாமா. புதுப்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தார். பள்ளி விடுமுறைகளில் அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுப்பது என் வேலை. 7/16, 1/2, 9/16 என்று அங்குலக் கணக்கில் அவர் கேட்ட அதே அளவுகள்தான் இப்போது கான்லி வண்டியிலும் எனக்குக் கைகொடுக்கின்றன. போல்ட்டைத் திரும்பப் போடுவதற்கு முன் மரையைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, விரல் நுனியால் கிரீஸ் வைப்பார். நான் அவசரப்பட்டால், “தடவாம முடுக்காதடா. நாளைக்குக் கழட்டறவன் யாரோ எவனோ, அவன் கைக்கு நாமதான் பொறுப்பு” என்பார். பட்டறைக்கு வருகிற வண்டி அடுத்த தடவை வேறு பட்டறைக்குப் போகலாம். கழற்றப்போவது அவர் கண்ணால் காணாத ஆளாக இருக்கலாம். அதை நினைத்து அவர் ஒருநாளும் கிரீஸைக் குறைத்ததில்லை.

இந்த வண்டியில் அவரைப் போன்ற ஒருவரைச் சந்தித்தேன். முன் சஸ்பென்ஷனில் ஒவ்வொரு போல்ட்டும் செம்புத்தூள் கலந்த கிரீஸோடு வந்தது. அந்த இடத்தைத்தான் பலரும் கெடுப்பார்கள். சக்கரத்தைத் தாங்குகிற செங்குத்துத் தண்டின் கீழ்முனை மரைபோட்டு, டிரன்னியன் என்கிற வெண்கலப் பாகத்துக்குள் திருகியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலேதான் சக்கரம் திரும்புகிறது. அதற்கு விட வேண்டியது கெட்டியான கியர் எண்ணெய். கிரீஸ் அடித்தால் அது மரையின் உள்ளே வரை போய்ச் சேராது. தண்ணீர் இறங்கி, துரு அரித்து, ஒருநாள் தண்டு ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். ஹெரால்டிலும் இதே அமைப்பு. இப்போது எண்பதைத் தாண்டிய மாமாவிடம் போனில் இந்த வண்டியைப் பற்றிச் சொன்னபோது, அவர் கலரைக் கேட்கவில்லை, விலையைக் கேட்கவில்லை. “டிரன்னியன்ல எண்ணெய் விட்டிருக்கானா, கிரீஸ் அடிச்சிருக்கானா?” என்றுதான் கேட்டார். எண்ணெய்தான் மாமா என்றேன். “அப்ப நல்லவன் கையிலேர்ந்து வந்திருக்கு” என்றார்.

எல்லாக் கைகளும் அப்படி இல்லை. கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடுகிற சில் பகுதியில் பெயின்ட்டைச் சுரண்டினால் உள்ளே பட்டி. கை அகலக் கனத்துக்குப் பட்டி. அதை உடைத்தெடுத்தால் கம்பிவலை. வலைக்குப் பின்னால் தகடு இருந்த இடத்தில் சிவப்புத்தூள். யாரோ ஒருவர் ஓட்டையின்மேல் வலையைத் திணித்து, பட்டி வைத்து இழைத்து, கலர் அடித்து ஓட்டியிருக்கிறார், அல்லது விற்றிருக்கிறார்.

ஸ்பிட்ஃபயரில் இது சின்ன விஷயம் இல்லை. ஹெரால்டின் சட்டத்துக்குப் பக்கவாட்டில் தாங்குகட்டைகள் உண்டு. ஸ்பிட்ஃபயரில் அவை கிடையாது. கூரையும் இல்லாத வண்டி. பாடி வளையாமல் நிற்பதே இந்த இரண்டு சில் பெட்டிகளின் பலத்தில்தான். ஆகவே அழுகிய தகட்டை வெட்டுவதற்கு முன்னால், கதவு வாசலின் குறுக்கே கம்பிகளை வெல்டு வைத்து இறுக்கிக்கொள்ள வேண்டும். பாடியைச் சட்டத்திலிருந்து தூக்காமல், ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மறுபக்கம் தொட வேண்டும். இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்து, பிறகு கதவு எந்தக் காலத்திலும் சரியாக மூடாது. தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரே இழுப்பாக வெல்டு ஓட்டினால் சூட்டில் நெளிந்துவிடும். இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு என்று வைத்து, ஆறவிட்டு, இடையை நிரப்பிக்கொண்டே வர வேண்டும்.

சில் என்பது வெளியிலிருந்து பார்க்க ஒரு தகடுபோலத் தெரிந்தாலும், வெளித்தகடு, உள்பக்கத் தகடு, நடுவில் பலத்துக்கு ஒரு தகடு என மூன்று அடுக்கு. நடுத்தகட்டை வைத்து மூடிவிட்டால் அதை இனி யாரும் பார்க்கப்போவதில்லை. நான் அதிக நேரம் செலவழித்தது அந்த நடுத்தகட்டில்தான். துருவுக்கு இரும்பைவிடக் கூடுதல் இடம் தேவை. ஒட்டிக் கிடக்கும் இரண்டு தகடுகளுக்கிடையே அது புகுந்தால் ஊதிப் பெருத்து இரண்டையும் பிளந்துவிடும். அதனால் ஒட்டுகிற பரப்பு எல்லாவற்றிலும், வெல்டிங் சூட்டைத் தாங்குகிற துத்தநாகப் பிரைமர். மூடிய பிறகு, நீளக் குழாயை உள்ளே விட்டு மெழுகுக் குழம்பைப் பீய்ச்சி, அடியிலுள்ள வடிகால் துளைகளில் அது சொட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். தொழிற்சாலையில் இத்தனை செய்யவில்லை. அவர்கள் முதலாவதாக வாங்குகிறவருக்குச் செய்தார்கள். பத்து, பதினைந்து வருஷம் ஓடினால் போதும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு.

பட்டி வைத்தவர்மேல் முதலில் எனக்குக் கோபம் இருந்தது. வேலை நீள நீள அது வேறுவிதமாக மாறிவிட்டது. எண்பதுகளில் இந்தக் காருக்கு மதிப்பே கிடையாது. முறையாக சில் மாற்றுகிற கூலி காரின் விலையைத் தாண்டிவிடும். அவர் இருபது வயசுப் பையனாக இருந்திருக்கலாம். வாரக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியிருக்கலாம். பட்டியும் வலையும் இல்லையென்றால் இந்த வண்டி அப்போதே இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அவரும் ஒருவகையில் இதைக் காப்பாற்றித்தான் என்னிடம் சேர்த்திருக்கிறார். ஆனால் காப்பாற்றியதற்கான விலையைப் பின்னால் வருகிறவர் தலையில் எழுதிவிட்டுப் போனார். வழியற்றவன் கடன் வைத்துவிட்டுப் போவதைக் குற்றமாக நான் சொல்லமாட்டேன். வழி இருக்கிறவன் அதையே செய்தால்தான் மனசு ஒப்பவில்லை. கிரீஸ் வைப்பதற்கு அரை நிமிஷமும் கால் காசும் போதுமே.

என் அப்பா இறந்த பிறகு ஊருக்குப் போய் அவருடைய பீரோவைத் திறந்தபோது, எல்லாமே பழுப்புக் கவர்களில் போட்டு வைத்திருந்தது. வீட்டுப் பத்திரம், வரி ரசீது, பேங்க் பாஸ்புக், இன்ஷூரன்ஸ். கவரின்மேல் அவருடைய சாய்ந்த எழுத்தில், உள்ளே என்ன இருக்கிறது, எந்த அலுவலகத்தில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பு. தனியாக ஒரு தாளில் யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்ற கணக்கு; பால்காரருக்குத் தர வேண்டியதுகூட விடவில்லை. அழுதுகொண்டிருந்த நாட்களில் அம்மாவும் நானும் எந்த அலுவலக வாசலிலும் அலைய நேரவில்லை. எங்கள் சொந்தத்திலேயே நல்ல மனிதர்கள், பிள்ளைகள்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள், எதையும் எழுதி வைக்காமல் போய்ச் சேர்ந்ததால், அந்தப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் தாலுகா ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் நடந்ததைப் பார்த்திருக்கிறேன். பாசத்தில் குறைவு ஒன்றும் இல்லை. தன் வாழ்க்கையையும் ஒருநாள் ஒருவர் உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கும், அவருடைய விரல் தோல் உரியாமல் அது கழன்று வர வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு வரவில்லை. அப்பா அந்தக் கவர்களை எழுதிய சாயங்காலங்களில் அவருடைய மனசில் நாங்கள் இருந்தோம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பட்டறையில் மாமா விரல் நுனியால் கிரீஸ் எடுத்ததும் இதே குணம்தான் என்பது, கராஜில் படுத்துக் கிடக்கும்போதுதான் எனக்குப் புரிந்தது.

கராஜ் வாசலில் நின்றுகொண்டு மகள் ஒருநாள் கேட்டாள்: “உங்களுக்கப்புறம் பெட்ரோல் காரை யாருப்பா ஓட்டப்போறாங்க? யாருக்காக இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்யறீங்க?” நியாயமான கேள்வி. அடுத்து ஒருவர் வருவார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. நாற்பது வருஷம் தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத வண்டிகளுக்கு 2018 முதல் பிரிட்டனில் வருடாந்தரச் சோதனைகூடக் கட்டாயம் இல்லை. நடுத்தகட்டில் நான் என்ன செய்தேன், செய்யாமல் விட்டேன் என்று கேட்கப்போகிற அதிகாரி ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கிறேன். முன் சஸ்பென்ஷனில் செம்புக் கிரீஸ் வைத்தவருக்கு என்னைத் தெரியுமா? என் நாடு, நிறம், பேச்சு எதையும் அவர் கற்பனைகூடச் செய்திருக்க முடியாது. புதுப்பேட்டைப் பட்டறையில் வளர்ந்த ஒருவன் தன் வேலையைத் திறந்து பார்ப்பான் என்று தெரிந்தா அவர் செய்தார்? தெரியாமலேதான் செய்தார், அதன் பலன் எனக்கு வந்து சேர்ந்தது. வருகிறவர் நிச்சயம் வருவார் என்றால்தான் நல்லபடியாக முடுக்குவேன் என்று நான் சொன்னால், அவரிடமிருந்து வாங்கிக்கொண்டதை என்னோடு நிறுத்திவிட்டேன் என்று ஆகும். மகளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. கையில் ஒரு பிரஷைக் கொடுத்தேன்; பின் ஸ்பிரிங்கின் நட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தாள்.

வண்டியோடு போவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் எழுதி வருகிறேன். எந்தத் தகடு எந்தக் கனத்தில் போட்டது, எந்த போல்ட் புதிது, கிராங்க் ஷாஃப்ட்டின் திரஸ்ட் வாஷர்களை மாற்றிய பிறகு முன்பின் அசைவு எவ்வளவு இருந்தது, எந்த இடத்துக்கு எந்த எண்ணெய் என்று எல்லாம் அதில் உண்டு. இந்த வாரம் எழுதியது டாஷ்போர்டுக்குப் பின்னால், இடது ஓரத்துத் தகட்டு இணைப்பைப் பற்றி. அங்கே வெல்டிங் முனை நுழையவில்லை. நுழைக்க வேண்டுமென்றால் கெட்டியாக இருக்கிற நல்ல தகட்டை வெட்டியாக வேண்டும். அதற்கு மனமில்லாமல் துருவைச் சுரண்டி மெழுகு மட்டும் அடித்திருக்கிறேன். அதை அப்படியே எழுதி, அளவு போட்டுப் படமும் வரைந்து, கீழே இப்படிக் குறித்தேன்: வண்டியைத் திறந்ததும் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.