மீண்ட புல்வெளியும் மீளாத உரிமையும்

நிலத்தை மீட்டல் என்னும்போது, எதனை மீட்கிறோம், யாருக்காக மீட்கிறோம் என்னும் வினாக்கள் உடனெழுகின்றன. அமெரிக்காவில், சிக்காகோவுக்குத் தென்மேற்கேயுள்ள மிடேவின் புல்வெளியை முன்வைத்து இவற்றை ஆராயலாம்.

இலினோய் மாநிலத்தின் பெரும்பகுதி ஒருகாலத்தில் ஆளுயரப் புல் வளர்ந்த பிறேயரியாக இருந்தது. 1833இல் சிக்காகோவிற் செய்யப்பட்ட உடன்படிக்கையைத் தொடர்ந்து, பொத்தவத்தோமி மக்கள் மிசிசிப்பி நதிக்கு அப்பால் அகற்றப்பட்டனர். 1837இல் ஜோன் டியர் என்னும் கொல்லர் செய்த உருக்குக் கலப்பை, கருமண்ணை வயலாக்க வழிசெய்தது. பழைய புல்வெளியில் இன்று ஆயிரத்திலொரு பங்குதானும் எஞ்சவில்லை. 1940இல் அரசு ஜோலியற் நகரருகே விவசாயிகளின் நிலங்களைக் கையகப்படுத்தி வெடிமருந்துத் தொழிற்சாலைகளை நிறுவியது. 1942 ஜூன் 5ஆந் திகதி அங்கு நிகழ்ந்த வெடிவிபத்தில் 40க்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். 1996ஆம் ஆண்டுச் சட்டமொன்று அந்நிலத்தின் பெரும்பகுதியைப் புல்வெளிக்கென ஒதுக்கிற்று. 2015இல் பைசன் என்னும் காட்டெருதுகளும் கொண்டுவரப்பட்டன.

கைவிட்டால் இயற்கை தானே திரும்பும் என்பது வெறும் கற்பனை. கைவிட்ட நிலத்திற் பரவியவை அந்நியக் களைகளே. வடிகால் குழாய்களை அகற்றி, சுதேசச் செடிகளின் விதைகளைக் கையாற் பொறுக்கி, காலந்தோறும் புல்லுக்குத் தீ மூட்டியே பிறேயரி வளர்க்கப்படுகிறது. எனவே அது மனித உழைப்பின் விளைவாகும்.

பண்டைய பிறேயரியும் அத்தகையதே. தீ மூட்டி அதனைப் பேணியவர் பூர்வகுடிகள். மிடேவின் என்பதும், நோய் தீர்ப்போர் சங்கத்தைக் குறிக்கும் பொத்தவத்தோமிச் சொல்லே. அவர்களின் சொல்லும் தீயும் திரும்பிவிட்டன. நிலமோ அரசின் வனத்துறையிடம் உள்ளது.

“புல்லிலே அரசியல் எதற்கு?” எனச் சிலர் கேட்கக்கூடும். புல்லை அழித்ததும் மக்களை அகற்றியதும் ஒரே வரலாற்றின் இரு செயல்களாயிருக்க, ஒன்றை மட்டும் திருத்துவது நீதியாகாது. அதே மாநிலத்தில், 1829 உடன்படிக்கையால் சாபெனே என்ற தலைவரின் குழுவினருக்கு ஒதுக்கப்பட்ட 1,280 ஏக்கரை, அவர் கன்சாஸ் சென்றிருந்த வேளை, 1849இல் அரசு விற்றது. அங்கே அம்மக்கள் தாமே விலைகொடுத்து வாங்கிய 130 ஏக்கர் 2024இலேயே அவர்களின் பழங்குடி நிலமாக ஏற்கப்பட்டது. 2025இல் மாநில அரசு அயலிலுள்ள பூங்கா நிலத்தையும் கையளிக்கச் சட்டமியற்றியது. திருப்பிக் கொடுத்தல் இயலாத காரியமன்று என்பதற்கு இதுவே சான்று.

மிடேவினிலே விதை பொறுக்குவோரின் உழைப்பு போற்றத்தக்கது. எனினும், நிலம் மீண்டது எனத் தீர்ப்புக் கூறும் உரிமை, அங்கிருந்து அகற்றப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்கும் உண்டு.