உண்மைக்கு அளவு உண்டா?

அரிஸ்டாட்டில் வழிவந்த மரபுத் தருக்கத்தில் ஒரு கூற்று மெய் அல்லது பொய். இடைப்பட்ட நிலை இல்லை. 'முன்னால் செல்லும் வண்டி அருகில் இருக்கிறது' என்ற கூற்று இதற்குள் அடங்குவதில்லை. 20 மீட்டர் அருகு என்றால் 21 மீட்டர் தொலைவாகிவிடுமா? 1965இல் லாட்ஃபி ஸாதே முன்வைத்த ஃபஸி கணக் கோட்பாடு, ஒன்று ஒரு கணத்தின் உறுப்பாக இருப்பதை 0 முதல் 1 வரையிலான அளவாக்கியது. அதன் வழியே கூற்றின் உண்மையும் அளவாகிறது.

ஃபஸி முறையில் கட்டுப்படுத்தப்படும் தானியங்கி வாகனத்தில் 'இடைவெளி குறைவு, வேகம் அதிகம் எனில் பிரேக்கை அழுத்து' போன்ற பல விதிகள், தத்தம் பொருத்தத்தின் அளவுக்கேற்ப ஒரே நேரத்தில் செயல்படுகின்றன. 1987இல் திறக்கப்பட்ட ஜப்பானின் செண்டாய் சுரங்க ரயில் இம்முறையில் இயக்கப்பட்டது.

இந்த அளவு நிகழ்தகவு அன்று. நிகழ்தகவு நிகழ்ச்சியின் உறுதியின்மையைக் குறிக்கும். ஃபஸி அளவு கருத்தின் எல்லை மங்குவதைக் குறிக்கும். ஆனால் அந்த அளவுகளை வகுப்பவர் வடிவமைப்பாளர். பிரேக்குக்குச் செல்லும் இறுதிக் கட்டளையும் ஒற்றை எண்ணே. எனவே உண்மைக்கு அளவு உண்டு என்று ஏற்றாலும், முடிவின் அறப்பொறுப்பு மனிதரை விட்டு நீங்குவதில்லை.