ஐந்து வாயில்களும் ஓர் உலகமும்

மனிதன் உலகை அறிவது ஐம்புலன்களின் வாயிலாகவே என்பது பலரும் ஐயமின்றி ஏற்கும் கருத்தாகும். ஆயினும் இக்கருத்தினுள் ஒரு பெருஞ்சிக்கல் மறைந்து கிடக்கின்றது. மாம்பழத்தின் மஞ்சள் நிறம் கண்ணுக்குரியது, மணம் மூக்குக்குரியது, இனிமை நாவுக்குரியது, மென்மை தோலுக்குரியது. எந்தப் புலனும் மாம்பழம் என்னும் முழுப்பொருளைத் தருவதில்லை. எனினும் அதனை உண்பவன் நான்கு பொருள்களை அறிவதில்லை. ஒரே பொருளையே அறிகின்றான். தனித்தனியே வந்துசேரும் செய்திகளை ஒன்றாக்குவது எது? அவ்வொருமை பிறப்போடு வருவதா, வாழ்க்கையிற் கற்றுக்கொள்ளப்படுவதா? இவ்வினா அறிவாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. பிற மனிதரை மதிப்பிடும் முறையையும் அவர்க்கு ஆற்றவேண்டிய கடமையையும் அது தொட்டுநிற்கின்றது.

தமிழ் மரபு இதனை நெடுங்காலத்துக்கு முன்னரே எதிர்கொண்டது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கின்றது. உற்றறிவாகிய தொடுவுணர்வு அவ்வரிசையில் முதலாவது; மனம் ஆறாவது. நியாய சூத்திரத்தின் மூன்றாம் நூல் இவ்வொருமையையே ஆன்மாவுக்குச் சான்றாக்குகின்றது: ஒரே பொருள் கண்ணாலும் தொடுதலாலும் பற்றப்படுவதால், இரண்டுக்கும் பொதுவாய் அறிவோன் ஒருவன் இருத்தல் வேண்டும் என்பது அதன் வாதம். நிலையான ஆன்மாவை ஏற்காத பௌத்தர் இம்முடிவை மறுத்தனர். மெய்கண்டாரின் சிவஞானபோதமும் மூன்றாஞ் சூத்திரத்தில், ஐந்தையும் அறிவது ஐந்தனுள் ஒன்றாக இருத்தல் இயலாது என்னும் நெறியிற் சென்று ஆன்மாவை நிறுவுகின்றது. இவர்களின் முடிபுகள் வேறுபட்டாலும், ஒருமை என்பது எந்தத் தனிப்புலனும் தரும் செய்தி அன்று என்பதை யாவரும் உணர்ந்திருந்தனர்.

மேலைத்தேயத்தில் இவ்வினாவுக்குக் கூர்மை தந்தவர் டப்ளின் நகரைச் சேர்ந்த வில்லியம் மொலினியூ. திருமணமாகிய சின்னாளிலேயே பார்வையிழந்த மனைவியுடன் வாழ்ந்தவர் அவர். 1688இல் அவர் ஜோன் லொக்கிடம் ஒரு வினாவை விடுத்தார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவன் கனசதுரத்தையும் கோளத்தையும் தொட்டு வேறுபடுத்தக் கற்றிருக்கின்றான். அவனுக்குத் திடீரெனப் பார்வை வருமாயின், தொடாமலே, கண்ணால் மட்டும் நோக்கி, இன்னது கனசதுரம், இன்னது கோளம் எனக் கூறுவானா? கூறமாட்டான் என்பது மொலினியூவின் விடை. லொக் தமது நூலின் இரண்டாம் பதிப்பில் (1694) இதனை எடுத்துரைத்து உடன்பட்டார். 1709இல் பேர்க்லி மேலுஞ் சென்று, கண் காணும் வடிவமும் கை தொடும் வடிவமும் வெவ்வேறானவை. அனுபவமே அவற்றைப் பிணைக்கின்றது என்றார். லைப்னிற்ஸ் மறுத்தார். வடிவக்கணிதம் இரு புலன்களுக்கும் பொதுவானதாகையால், அப்பொருள்கள் முன்னே உள்ளன என்று அறிவிக்கப்பட்டவன் பகுத்தறிவின் துணைகொண்டு அவற்றை இனங்காணலாம் என்பது அவர் நிலை.

1728இல் வைத்தியர் செசல்டன் வெளியிட்ட குறிப்பு இவ்வாதத்துக்கு ஓர் உண்மை நிகழ்வைத் தந்தது. கண்புரை நீக்கப்பெற்ற சிறுவன் ஒருவன், தொட்டறிந்திருந்த பூனையையும் நாயையும் பார்வையால் வேறுபடுத்த இயலாது தடுமாறினான். ஈற்றில் பூனையைப் பிடித்துத் தடவிப் பார்த்தவாறே அதனை உற்று நோக்கி, இனி அடையாளங் கண்டுகொள்வேன் என்னும் பொருள்பட அப்பூனையிடமே கூறினான். கண்ணுக்குக் கை ஆசிரியனாயிற்று.

ஆயினும் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக உறுதியான பரிசோதனை அமையவில்லை. 2011இலேயே றிச்சட் ஹெல்ட், பவன் சின்ஹா முதலியோரின் ஆய்வு வெளிவந்தது. இந்தியாவில் சத்திரசிகிச்சையாற் பார்வை பெற்ற, 8 முதல் 17 வயது வரையான ஐவர் அதிற் பங்குபற்றினர். கண்ணாற் கண்டதைக் கண்ணாலும், தொட்டதைத் தொட்டும் அவர்கள் நன்கு இனங்கண்டனர். தொட்டதைக் கண்ணால் இனங்காணுமிடத்து மட்டும், குருட்டூகத்தினும் சற்றே மேலான பெறுபேறே கிட்டியது. மீண்டுஞ் சோதிக்கப்பட்டோரோ சில நாள்களிலேயே வியக்கத்தக்க முன்னேற்றம் காட்டினர். எனவே புலன்களின் ஒருமை பிறப்போடு முற்றாக அமைந்ததன்று. அதனைக் கற்கும் ஆற்றலோ மிக விரைவானது.

இக்கூட்டுறவு பார்வை புதிதாகப் பெற்றோர்க்கு மட்டும் உரியதன்று. 1976இல் மக்கேர்க், மக்டோனல்ட் ஆகிய உளவியலாளர் ‘ப’கர ஒலியை, ‘க’கரத்தைக் கூறும் வாயசைவோடு இணைத்துக் காட்டினர். பார்த்தோரிற் பலர் இரண்டையுங் கேட்கவில்லை. ‘த’கரத்தை ஒத்த மூன்றாம் ஒலியைக் கேட்டனர். உண்மையை அறிந்தபின்னரும் அம்மயக்கம் நீங்குவதில்லை. கண்ணை மூடினாலன்றிச் செவி தன் சாட்சியைத் திருத்திக்கொள்வதில்லை. மனிதன் கேட்டதாகக் கருதுவது, அவன் அறியாமலே இரு புலன்கள் செய்துகொண்ட உடன்பாடாகும்.

இங்கேதான் அறவியல் வினா எழுகின்றது. ‘கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்னும் பழமொழி வெறும் எச்சரிக்கை அன்று. பொய்யுரைக்கும் நோக்கம் சிறிதும் இல்லாத சாட்சியும் நடவாததைக் கண்டதாகக் கூறலாம். வாய்மையும் உண்மையும் எப்போதும் ஒன்றல்ல. ஒருவனுடைய நேர்மையை மட்டுங்கொண்டு இன்னொருவனைக் குற்றவாளியாக்கும் சமூகம், புலக்காட்சியின் இயல்பை அறியாத சமூகமாகும்.

மறுபுறத்தில், ஒரு புலன் இல்லாதவனை உலகின் ஐந்திலொரு பங்கை இழந்தவனாகக் கணக்கிடுவதும் தவறாகும். குழந்தைப்பருவத்திலேயே அம்மையாற் பார்வையிழந்த நிக்கலஸ் சோண்டர்சன் 1711இல் கேம்பிறிட்ஜில் கணிதப் பேராசிரியராகி ஒளியியலையும் கற்பித்தார். அவருடைய உலகம் குறையுலகன்று. வேறு வகையில் இசைந்து அமைந்த முழுவுலகம்.

புலன் ஒன்றைக் கூட்டுவதும் எளிய கொடையன்று. இங்கிலாந்தில் 1958ஆம் ஆண்டின் இறுதியிற் சத்திரசிகிச்சை பெற்ற ஐம்பத்திரண்டு வயதினரைப் பற்றி றிச்சட் கிறகரி விரிவாக எழுதியுள்ளார். அருங்காட்சியகத்தில் கடைசல் பொறி ஒன்றைக் கண்ட அவருக்கு அது விளங்கவில்லை. கண்களை மூடிக் கைகளால் தடவிய பின்னரே, தொட்டுவிட்டதால் இப்போது காணமுடிகின்றது என்றார். பார்வையின்றி அச்சமற்று வீதியைக் கடந்தவர், பார்வை பெற்றபின் அஞ்சினார். நாளடைவிற் சோர்வுற்ற அவர் 1960இல் இறந்தார். வாழ்நாள் முழுதும் தொடுதலும் செவியும் கட்டிய வீட்டிற் கண் காலந்தாழ்த்தி வந்த விருந்தாளியாயிற்று.

இத்தகைய நிகழ்வுகளும், பூனைக்குட்டிகளின் பார்வை வளர்ச்சி பற்றிய ஹியூபெல், வீசல் ஆகியோரின் ஆய்வுகளும், இளமைப் பருவங் கடந்த சிகிச்சை பயன்தராது என்னும் எண்ணத்தை வலுப்படுத்தின. அவ்வெண்ணத்தால், குணப்படுத்தக்கூடிய கண்ணுடைய பிள்ளைகளும் கைவிடப்படும் நிலை இருந்தது. பிற்காலத்தே பார்வை பெற்ற இந்தியச் சிறுவர்களின் முன்னேற்றம் அதனை அசைத்துள்ளது. அவர்களின் பார்வை முற்றாக நிறைவடையாதிருக்கலாம். ஆனால் கற்றல் நிகழ்கின்றது. ஒரு கொள்கை தவறாயிருப்பின் அதன் விலையைக் கொடுப்பவர் கொள்கை வகுத்தோர் அல்லர் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மொலினியூவின் வினாவில் வரும் பார்வையற்றவனுக்குப் பெயரில்லை. அவன் பார்வை பெற விரும்பினானா, பெற்றபின் எங்ஙனம் வாழ்ந்தான் என்று கேட்டோர் மிகச் சிலரே. அவன் கனசதுரத்தை இனங்காண்பானா என்பதே அறிஞரின் கவலையாயிருந்தது. இந்தியச் சிறுவர்களின் ஆய்விலோ பார்வையளிக்கும் பணியும் அறிவுத்தேடலும் ஒன்றாகவே சென்றன. விடையும் அங்கேயே கிட்டியது. புலன்கள் தம்முள் ஒன்றையொன்று திருத்தி உலகை அமைப்பதுபோல, அறிவும் அருளும் ஒன்றையொன்று திருத்தும்போதே மனிதனைப் பற்றிய அறிவு மனிதனுக்குரிய அறிவாகின்றது.