வக்கீலும் விளம்பரமும்

நாம் கடைவாசலில் "நயம் சரக்கு" என்று பலகை தொங்க விடுகிறோம், யாரும் தடுப்பதில்லை. வக்கீல் அப்படி எழுதினால் தண்டனை! இது நியாயந்தானா?

பம்பாய் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வக்கீல்கள் சிலர் கட்சிக்காரர்களைப் போட்டியிட்டு இழுத்ததாக எழுந்த வழக்கில், சட்டத்தொழில் வியாபாரமன்று என இந்திய சுப்ரீம் கோர்ட்டு 1975-இல் கூறியது. இணையதளங்களில் விளம்பரம் செய்து கட்சிக்காரர் தேடும் வக்கீல்கள்மீது நடவடிக்கை எடுக்கும்படி சென்னை ஐகோர்ட்டு 2024 ஜூலையில் உத்தரவிட்டது. நம் மலேசியாவிலும் 1976-ஆம் வருஷச் சட்டப்படி, நெறி தவறும் வக்கீலுக்கு அபராதம் உண்டு. பெயர் நீக்கமும் உண்டு.

"வியாபாரமன்று" என்றால், வியாபாரத்தில் பொய் ஆகுமென்று பொருளா? அல்ல. அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கலாம். வக்கீலின் திறமையைத் தீர்ப்புக்கு முன் எப்படிப் பார்ப்பது? வருகிறவரோ கலங்கி நிற்பவர். அவரிடம் தற்புகழ்ச்சி பேசுவது, அவரது அச்சத்தில் ஆதாயம் தேடுவதாகும்.

முழு மௌனமும் கூடாது. யாரிடம் போவதென்று தெரியாத ஏழை தரகரிடம் சிக்குவான். ஆகவேதான் 2001-ஆம் வருஷ விதிகள் பெயர், முகவரி போன்றவற்றை வரம்புக்குட்பட்டு வெளியிட இடமளித்தன. அறிவிப்பது வேறு, புகழ்ந்துகொள்வது வேறு.

தானியக் குவியலுள் கைவிட்டு, அடியில் ஈரங்கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதை மக்கள் காண மேலே வைத்திருக்கலாகாதா என்று கண்டித்தார்கள். சகோதரர்களே! தேன், அத்தர், மருந்து என வாங்குகிறவர் சோதிக்க இயலாத சரக்கு நம்மிடமும் உண்டு. அங்கே நம் நாவுக்கும் அதே கடிவாளம் வேண்டும். நம்மை விசாரிக்க ஒழுங்கு வாரியம் இல்லை. ஆனால் மறுமை உண்டு.