காற்றுக்கு யார் கையெழுத்திடுவது?

எரிசக்தி என்ற சொல்லுக்குள்ளேயே எரிப்பு இருக்கிறது. ஒரு நாளில் அதிக நேரம் நெருப்புக்கு முன்னால் நிற்பவள் பெண். ஆனாலும் தீவுகளைச் 'சுத்தமான எரிசக்தி'க்கு மாற்றுவது பற்றிய பேச்சில் குசினி அபூர்வமாகத்தான் வருகிறது. காற்றாலை, சோலார் தகடு, பற்றரி, கிலோவாற் எல்லாம் வரும். பனை மட்டையும் ஊமலும் வராது. அவற்றுக்கு மீற்றர் இல்லை.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் நாட்டின் மின்கட்டமைப்போடு இணைப்பு இல்லை. அங்கே மின்சாரம் என்றால் டீசல் ஜெனறேற்றர். டீசல் கடல் தாண்டித்தான் வரவேண்டும். 2021 ஜனவரியில் இந்த மூன்று தீவுகளுக்கும் காற்று, சூரியன், பற்றரி சேர்ந்த கலப்பு மின்திட்டம் ஒன்றைச் சீன நிறுவனமொன்றுக்குக் கொடுக்க முடிவானது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு அருகிலா என்று இந்தியா எதிர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரில் சீனா நிறுத்திக்கொண்டது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்பாடு. 2024 மார்ச்சில் ஒப்பந்தம். 530 கிலோவாற் காற்று, 1,700 கிலோவாற் சூரியன், துணைக்கு 2,500 கிலோவாற் டீசல். கணக்கெல்லாம் துல்லியம். ஆனால் அந்த மூன்று ஆண்டு இழுபறியில், தீவுப் பெண் ஒருத்தி என்ன கேட்கிறாள் என்ற செய்தி எதையும் நான் வாசித்ததில்லை.

என் கேள்வி இதுதான்: நடக்கப்போவது நல்லதுதான் என்றால், கேட்காமல் செய்யலாமா?

'செய்யலாம்' என்பவர்களின் நியாயத்தை நான் தள்ளிவிடமாட்டேன். கடல்மட்டம் உயர்ந்தால் தாழ்ந்த தீவுகள்தான் முதலில் தாங்கும். 2022இல் நாட்டில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனது. சமையல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. எரிவாயுவில் சமைத்த வீடுகளும் விறகுக்குத் திரும்பின. புகை யாருடைய நெஞ்சுக்குள் போனது என்று சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு வீடாகக் கேட்டுக்கொண்டிருந்தால் காலம் போய்விடும் என்கிறார்கள். ஆனால் இந்தத் தீவுகளில் காலத்தைத் தின்றது அரசுகளின் போட்டி. தீவு மக்களைக் கேட்டதால் ஒரு நாளும் தாமதமாகவில்லை.

'உன்ர நன்மைக்குத்தான்' என்ற வசனம் பெண்களுக்குப் பழக்கமானது. படிப்பை நிறுத்தும்போதும், மாப்பிள்ளை பார்க்கும்போதும், நேரத்தோடு வீட்டுக்கு வா என்னும்போதும் அது வரும். சில வேளைகளில் சொல்லப்படுவது உண்மையிலேயே நன்மைதான். ஆனாலும் ஏதோ பறிபோனதாக உணர்கிறோம். பறிபோனது நன்மை அல்ல. எது நன்மை என்று சொல்லும் இடம். அந்த இடம் இல்லாதவளுக்குக் கிடைக்கும் வெளிச்சமும் தயவுதான், உரிமை அல்ல.

மன்னார் தீவில் 2020 டிசம்பரில் 30 காற்றாலைகளோடு 'தம்பபவனி' திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில், மேலும் காற்றாலைகள் வேண்டாம் என்று மக்கள் நாட்கணக்கில் வீதியில் நின்றார்கள். வெள்ளம் வடியாத நிலத்தையும், மீன்பிடியையும், வலசை வரும் பறவைகளையும் பற்றிப் பேசினார்கள். அவர்களை வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்பது எளிது. முன்கூட்டியே கேட்டிருந்தால் ஆலோசனையாக வந்திருக்கக்கூடியது, கேட்காததால் போராட்டமாக வந்தது என்றே எனக்குப் படுகிறது.

அப்படியானால் டென்மார்க்கின் சம்சோ தீவுபோல, காற்றாலையில் மக்களுக்கே பங்கு கொடுக்கலாமே என்பார்கள். 1997இல் தொடங்கி, பத்தாண்டுக்குள் தன் தேவைக்கு மேலாகவே மின்சாரம் எடுத்த தீவு அது. நல்ல வழிதான். ஆனால் பங்கு வாங்கக் காசோ நிலமோ வேண்டும். யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டத்தில், மணமான பெண் தன் பெயரில் இருக்கும் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சீதனக் காணிக்கும் அதே கதைதான். இந்த நிலையில் 'மக்களின் சம்மதம்' என்று கோப்பில் இருப்பது யாருடைய கையெழுத்து? சுத்தமான காற்று, பழைய சட்டத்தின் வாசல் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது.

ஆகவே சம்மதம் என்பதை நான் கையெழுத்தாகப் பார்க்கவில்லை. 'வேண்டாம்' என்று சொல்லவும், 'இப்படி வேண்டும்' என்று மாற்றவும் முடிகிற நிலைதான் சம்மதம். இந்த மின்சாரத்தில் விடியற்காலைச் சோறு வேகுமா? மின் அடுப்பு வாங்க உதவி உண்டா? நன்னீர் கிடைக்குமா? பற்றரியைப் பழுதுபார்க்கும் வேலைக்கு எங்கள் பெண்பிள்ளைகளைப் பழக்குவீர்களா? காணி அவள் பெயரில் என்றால் வாடகை யார் கையில் போகும்? இவை திட்டம் முடிந்தபிறகு கேட்கும் சில்லறைக் கேள்விகள் அல்ல. எத்தனை கிலோவாற் வேண்டும் என்பதையே மாற்றக்கூடிய கேள்விகள்.

அவற்றைக் கேட்க ஒரு கூட்டம் வேண்டும். அதைச் சமையல் நேரத்தில் வைக்காமலிருந்தால், அதுவே நல்ல தொடக்கம்.