தழும்பும் மலைப்பாதையும்

முதல் பிள்ளையை ஆபரேஷனில் பெற்றவள் மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்றால், கொடைக்கானல் மலையின் பூம்பாறையிலும் மன்னவனூரிலும் அவள் காதில் இரண்டு பேச்சு விழும். "ஒருதடவ கத்தி வச்சாச்சு, இனி எல்லாத்துக்கும் அதுதான் ஆத்தா" என்பது ஒன்று. "நாங்கெல்லாம் பூண்டுக் காட்டுல நிக்கையிலேயே வலி கண்டு பெத்தவளுக, ஒனக்கு என்ன?" என்பது மற்றொன்று. இரண்டும் பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அவள் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டிலுமே இல்லை.

முதல் பேச்சுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1916இல் நியூயார்க்கைச் சேர்ந்த எட்வின் கிராகின் என்ற மருத்துவர், ஒருமுறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்தான் என்று எழுதினார். அவசரப்பட்டு முதல் அறுவையைச் செய்துவிடாதீர்கள் என்று சக மருத்துவர்களை எச்சரிப்பதே அவர் நோக்கம். எச்சரிக்கை மறந்துபோய், வாசகம் மட்டும் சட்டமாக நின்றுவிட்டது. அன்று கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காகக் கீறினார்கள். வலியின்போது இறுகிச் சுருங்கி குழந்தையைத் தள்ளும் தசை அதுதான்; அங்கே விழுந்த தழும்பு அடுத்த பிரசவத்தில் விட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். 1920களில் கிளாஸ்கோ மருத்துவர் மன்றோ கெர், கீழ்ப்பகுதியில் குறுக்காகக் கீறும் முறையை வலியுறுத்தினார். அந்த இடம் மெல்லியது, இழுபடுமே தவிர அவ்வளவாகச் சுருங்காது. இன்று நம் ஊரில் பெரும்பாலும் போடுவது அந்தக் கீறல்தான்.

பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். வயிற்றுத் தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே கர்ப்பப்பையில் எப்படிக் கீறினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அதைச் சொல்வது முதல் ஆஸ்பத்திரி கொடுத்த டிஸ்சார்ஜ் தாள். ஏன் ஆபரேஷன் செய்தார்கள் என்பதும் அதில்தான் இருக்கும். குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருந்ததால் செய்திருந்தால், அந்தக் காரணம் இந்த முறை இல்லாமல் போகலாம். ரேஷன் கார்டையும் பட்டாவையும் வைக்கும் பெட்டியில் அந்தத் தாளுக்கும் ஓர் இடம் வேண்டும்.

கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு குறுக்குத் தழும்பு உள்ள நூறு பேர் இயல்பான பிரசவத்துக்கு முயன்றால், 60 முதல் 80 பேருக்கு அது கைகூடுகிறது. முன்பே ஒருமுறை சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு வாய்ப்பு இன்னும் கூடுதல். தழும்பு விட்டுப்போவது ஏறத்தாழ இருநூறு பேரில் ஒருவருக்கு. மருந்து கொடுத்து வலியை வரவழைத்தால் அது கூடும். முதல் பிரசவத்துக்கும் இதற்கும் இடைவெளி மிகக் குறைவாக இருந்தாலும் கூடும்.

மறுபடி ஆபரேஷன் என்றால் ஆபத்தே இல்லை என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 2010இல் கூட்டிய நிபுணர் மாநாட்டில் வைக்கப்பட்ட கணக்கு வேறு. திட்டமிட்டு மறுபடி அறுவை செய்துகொண்ட தாய்மாரில் லட்சத்துக்குச் சுமார் 13 பேர் இறந்தார்கள். இயல்பாகப் பெற முயன்றவர்களில் சுமார் 4 பேர். குழந்தைக்கோ கணக்கு மறுபக்கம் சாய்கிறது: வலியோடு முயலும்போதுதான் குழந்தைக்கு ஆபத்து சற்று அதிகம். ஆபரேஷன் எண்ணிக்கை ஏற ஏற இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நஞ்சுக்கொடி கீழே இறங்கி கர்ப்பப்பை வாயை அடைத்துக் கிடக்கும்போது, அது பழைய தழும்புக்குள் வேரோடி ஒட்டிக்கொள்வது இரண்டாவது சிசேரியனில் நூற்றுக்கு 11 பேருக்கு, மூன்றாவதில் 40 பேருக்கு. அப்போது கர்ப்பப்பையையே எடுக்க நேரலாம். எனவே இன்னும் எத்தனை பிள்ளை வேண்டும் என்பதும் இந்த முடிவுக்குள் வரும் கேள்வி. தமிழ்நாட்டில் 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூறு பிரசவத்தில் 45 ஆபரேஷன். தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. ஏறக்குறைய பாதித் தாய்மார் இந்தக் கேள்வியின் முன் நிற்கிறார்கள்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். மலைக்கு வரும்போதுதான் எனக்கு அந்த 'இருநூறில் ஒருவர்' உறுத்துகிறது. குழந்தையின் நாடித்துடிப்பை இடைவிடாமல் பார்த்துக்கொண்டு, பக்கத்திலேயே தியேட்டரும் மயக்க மருந்து மருத்துவரும் ரத்தமும் தயாராக இருக்கும் ஆஸ்பத்திரிகளை ஒட்டி எழுந்த நம்பிக்கை அது. தழும்பு பிரிந்தால் பெரும்பாலும் முதலில் குழந்தையின் துடிப்புதான் சரியும். அதன் பிறகு 18 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்ட குழந்தைகள் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்று 1990களில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

இந்த நிமிடங்களை மலைப்பாதையில் வைத்துப் பாருங்கள். மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்கே 30 கிலோமீட்டருக்கு மேல், எல்லாம் வளைவு. அங்கிருந்து பெருமாள்மலை, ஊத்து வழியாக வத்தலக்குண்டில் இறங்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதற்கு அப்பால்தான் தேனி, திண்டுக்கல், மதுரை. மழைக்காலத்தில் மண் சரியும், மரம் விழும், பனிமூட்டத்தில் எதிரே வருவது தெரியாது. மே மாதத்தில் சுற்றுலா வண்டிகள் நிற்கும் நெரிசலில் 108 ஆம்புலன்ஸ் என்ன செய்யும்? இதே மலையின் வெள்ளகவி கிராம மக்கள் தலைமுறை தலைமுறையாக நோயாளியை டோலி கட்டித் தூக்கியே நடந்தவர்கள்.

அதே பெண், அதே தழும்பு, அதே வாரம். மதுரையில் அவளுக்கு இருக்கும் ஆபத்து வேறு, மலைக்கிராமமான கிளாவரையில் வேறு. அப்படியானால் ஆபத்தை அவள் வயிற்றில் மட்டும் தேடுவது சரியில்லை. அவளுக்கும் ஓர் ஆபரேஷன் தியேட்டருக்கும் நடுவே கிடக்கும் பாதையிலும் அது இருக்கிறது. அந்தப் பாதையை அவள் போடவில்லை. இருந்தும் 'ரிஸ்க் கேஸ்' என்று அவள் அட்டையில்தான் எழுதுகிறோம்.

1999இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகம், அவசர அறுவைக்கு ஆள் உடனே தயாராக இருக்கும் இடத்தில்தான் தழும்போடு இயல்பாகப் பெறும் முயற்சி நடக்க வேண்டும் என்றது. நியாயமான சொல். விளைவு, சிறு ஊர் ஆஸ்பத்திரிகள் பல இதைக் கைவிட்டன. அங்கிருந்த பெண்களுக்குத் தேர்வே இல்லாமல் போனது. 2010 மாநாடு அந்த நிபந்தனையை மறுபரிசீலனை செய்யச் சொன்னதும் அதனால்தான்.

மலையிலும் ஆபரேஷனே வழி என்று முடித்துவிட முடியாது. ஆபரேஷனுக்குத் தேதி குறித்தவர்களிலும் பத்தில் ஒருவருக்கு 39 வாரத்துக்கு முன்பே வலி வந்துவிடுகிறது. அந்த வலி இரவு இரண்டு மணிக்கு வந்தால், இறங்க வேண்டியது அதே பாதைதான். ஆக, தழும்போடு இருக்கும் மலைப்பெண் எதைத் தேர்ந்தாலும் வலிக்கு முன்பே கீழே இறங்கியிருக்க வேண்டும். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகளை அரசு ஏற்படுத்தியது இந்த எண்ணத்தில்தான். ஆனால் தழும்பு உள்ளவளுக்கு அந்த அறை தியேட்டர் இருக்கும் ஆஸ்பத்திரியின் வளாகத்தில் இருக்க வேண்டும்.

கீழே போய் இரு என்று சொல்வது சுலபம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு அழைத்துப்போகும் வழக்கம் உண்டு. இரண்டாவதுக்கு அவளுக்கு ஒரு வீடும் மாடும் இடுப்பில் ஒரு பிள்ளையும் இருக்கின்றன. பூண்டு எடுக்கும் காலமாக இருந்தால் கணவன் காட்டை விட்டு வர முடியாது. மூன்று வாரம் தேனியில் தங்கினால் மூத்ததுக்கு யார் சோறு போடுவார்கள்? கூலி போவதை யார் ஈடுகட்டுவார்கள்? வலியைவிட இந்தக் கேள்விகள்தான் பலரை மலையிலேயே நிறுத்திவைக்கின்றன. அவர்களை அறியாமைக்காரர்கள் என்று திட்டுவது எனக்குக் கோபமூட்டுகிறது.

ஏழாம் மாதச் சோதனைக்கு வருகிறவளிடம் செவிலியர் டிஸ்சார்ஜ் தாளைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். இல்லையென்றால் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைக்கட்டும். இருநூறில் ஒருவர் என்பதையும், மூன்றாவது ஆபரேஷனில் என்ன ஆகலாம் என்பதையும் மாமியாரும் கணவனும் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லட்டும். 37ஆம் வாரத்துக்கு முன் எந்த நாளில், எந்த வண்டியில் இறங்குவது, மூத்த பிள்ளை அவளோடு வந்து தங்க இடம் உண்டா, அவளுக்கும் துணைக்கு வருகிறவருக்கும் சாப்பாடு யார் பொறுப்பு என்பதை அப்போதே எழுதி வைக்கட்டும். அதற்குப் பிறகு, சுகப்பிரசவமா ஆபரேஷனா என்று அவளிடம் கேட்கலாம்.